எதிர்ப்பக்கத்து இருக்கை

அத்தியாயம் 11

நௌபர் ஏமாறாமல் தப்பிய கதையைப் போன வாரம் படித்தவர்கள் ஒரு பெருமூச்சு விட்டிருப்பீர்கள். முகப்புத்தகத்தில் முகமில்லாத ஒருவன், ‘இறுதிப்போட்டி ரிக்கெற் மூன்று இருக்கு, முதலில் காசைப் போடுங்கோ’ என்று எழுத, மனுசன் வங்கிக்குப் போகச் சேட்டும் மாற்றிவிட்டார். மருதனார்மடம் சந்தியில் போட்டோகொப்பி, இன்ரநெற் என்று கொமினிகேசன் கடை வைத்திருக்கும் பிரசாந்திதான் மறித்து, அந்தப் பக்கமே நாலு நாளைக்கு முன்னர்தான் தொடங்கப்பட்டது என்று காட்டினாள். பிறகு போட்டியை நடத்துகிறவர்களின் சொந்தத் தளத்தில் மூன்று ரிக்கெற்றையும் முறையாக எடுத்துக் கொடுத்தாள்.

“அண்ணை, இந்தக் கியூஆர் கறுப்புக் கட்டம்தான் ரிக்கெற். ஆருக்கும் காட்டாதேங்கோ. படம் எடுத்து வாட்ஸ்அப்பிலை போடாதேங்கோ. எவனாவது அதைக் கொப்பி பண்ணி முதல் உள்ளை போனானெண்டால் உங்களுக்கு வாசல் இல்லை.”

இதைக் கேட்டதோடு நௌபருக்குக் காவல்காரப் புத்தி வந்துவிட்டது. தன்னுடையதைப் பேர்சுக்குள் வைத்தார். மனைவிக்கும் மகளுக்கும் உரிய இரண்டையும் மடித்தபடியே விரித்துப் பார்க்காமல் உறைக்குள் போட்டார். நாலு பக்கமும் ஒட்டுநாடா சுற்றி, புத்தளத்துக்கு அனுப்பினார். அது மகள் றுக்ஷானாவின் பதினோராவது பிறந்தநாள் பரிசு; போட்டியும் பிறந்தநாளும் ஒரே நாளில் வந்தன.

இனி இந்தச் சனிக்கிழமைக்கு வருவோம்.

நௌபர் தண்ணீர் மோட்டர் கட்டுகிறவர். வலிகாமத்துத் தோட்டங்களில் எந்த மோட்டர் எரிந்தாலும் அவருடைய பட்டறைக்குத்தான் வரும். இரவுக்கு யாழ்ப்பாண நகரத்தில் சோனகதெருவிலுள்ள வாப்பாவின் வீட்டுக்குத் திரும்புவார். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, இரண்டு மணித்தியால அவகாசத்தில் அந்த வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் வெளியேறியபோது அவருக்கு ஆறு வயது. வளர்ந்ததும் கலியாணம் செய்ததும் புத்தளத்தில். திரும்பி வந்தது அவர் மட்டும்.

மனைவி றபீக்காவோடு சண்டை என்று எதுவும் இல்லை. சண்டை இருந்தால் சமாதானம் பேசலாம். நாலு வருடத்துக்கு முன்னர் அவள் வந்து பார்த்தபோது கூரைக்குப் பதில் நீலப் படங்குதான் கட்டியிருந்தது; அன்று மழை வேறு. “வீடு முதலிலை வீடாகட்டும்,” என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். நௌபர் மூன்று வருடம் கந்தோர் கந்தோராக அலைந்து தன் பெயரை யாழ்ப்பாணத்துப் பதிவுக்கு மாற்றி, அடையாள அட்டையும் புதிதாக எடுத்தார். றபீக்காவும் பிள்ளையும் புத்தளத்துப் பதிவிலேயே இருந்தார்கள். பிள்ளையின் பள்ளிக்கூடம் அங்கே. அவள் சொன்னதிலும் பிழையில்லை.

தனிமை என்ற சொல்லை அவர் பாவிப்பதில்லை. “பழகிப்போச்சு,” என்பார். ஒரு கோப்பை, ஒரு தலையணை, மேசையில் ஒரு கதிரை என்று பழகிப்போனவருக்கு அன்று காலை வீட்டைப் பார்க்கவே புதிதாக இருந்தது. இரண்டு தலையணை வாங்கியிருந்தார். கோப்பைகள் மூன்று. கூரைக்கு ஓடு, குசினிக்கு அலுமாரி, குளியலறைக்கு உள்பக்கத் தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாளைத்தான் றபீக்கா அன்று முக்கியமாகக் கேட்டவள்.

மாற்றுச் சாவி ஒன்றும் வெட்டி, அதில் சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தார். அதை அவளுடைய கையில் கொடுக்கும்போது என்ன சொல்வது என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு மணிக்கு வந்து, வீட்டில் சாப்பிட்டு, மூன்றரை மணி மட்சுக்குப் போவது என்று பேச்சு. பதினொன்றரைக்குப் புரியாணி வந்து இறங்கிவிட்டது. ஒன்றரைக்குத்தான் போன் வந்தது. பேசியது றபீக்காவின் தம்பி றிஷாத். வான் அவனுடையது, புத்தளத்து ரசிகர்கள் பத்துப் பேரையும் ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தான்.

“மச்சான், மன்னார் றோட்டிலை ரயர் போயிட்டுது. மாத்திறதுக்குள்ள நேரம் ஓடிட்டுது. இனி நேரே கிரவுண்டுக்குத்தான் வாறோம்.”

“சாப்பாடு?”

“வழியிலை சாப்பிட்டாச்சு. நீங்க சாப்பிடுங்க. பின்னேரம் ஆறுக்கு உங்கட வீட்டடியிலை இருந்து வெளிக்கிட வேணும் மச்சான், வானிலை உள்ளவங்க நிக்க மாட்டாங்க. மட்ச் முடிய அஞ்சு இருவது ஆகும். அதுக்குப் பிறகு வீட்டைப் பார்க்கலாம்.”

நௌபர் மனதுக்குள் கணக்குப் போட்டார். மைதானத்திலிருந்து வீட்டுக்கு நடை பதினைந்து நிமிடம். அப்படியென்றால் அவள் வீட்டுக்குள் இருக்கப்போவது வெறும் இருபத்தைந்து நிமிடம். பரவாயில்லை, கூரையையும் தாழ்ப்பாளையும் பார்க்க அது போதும். அதற்கு முன்னர் தொண்ணூறு நிமிடம் பிள்ளையின் பக்கத்தில் இருக்கலாம். அந்தத் தொண்ணூறு நிமிடத்துக்காகத்தானே இவ்வளவும்.

புரியாணியைத் தட்டால் மூடிவிட்டு, சாப்பிடாமலே வெளிக்கிட்டார்.

*

யாழ்ப்பாணமும் புத்தளமும் மோதும் உதைபந்தாட்ட இறுதிப்போட்டி என்றால் சும்மாவா. மைதானத்து வாசலில் கச்சான் கடலை வண்டி, கொடி விற்கிறவன், ஊதல் விற்கிறவன் என்று நடக்க இடமில்லை. றுக்ஷானா மஞ்சள் தொப்பியும் மஞ்சள் ரீசேட்டுமாக வானிலிருந்து குதித்தாள். புத்தளத்து அணியின் நிறம் அது. போன பெருநாளைக்குப் பார்த்ததைவிட ஒரு கை உயரம் வளர்ந்திருந்தாள்.

“வாப்பா, இண்டைக்கு உங்கட ஆக்கள் மூண்டு கோல் வாங்குவாங்க.”

“என்ரை ஆக்களோ? அப்ப நீ ஆற்றை ஆள்?”

“நான் புத்தளம்,” என்றாள் பிள்ளை, அதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

றபீக்கா ஊதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கினாள். “மெலிஞ்சு போனியள்,” என்றாள். “வேலை,” என்றார் அவர். நாலு வருடத்துக்குப் பிறகு யாழ்ப்பாண மண்ணில் புருசனும் பெண்சாதியும் பேசிய முதல் பேச்சு அதுதான். சாவியை எடுக்கச் சட்டைப் பைக்குக் கை போனது. ஆனால் றிஷாத் பக்கத்தில் நின்றான், சனமும் இடித்தது. பிறகு கொடுக்கலாம் என்று விட்டார்.

பிள்ளை அந்த உறையை இன்னும் பிரிக்காமல் வைத்திருந்தாள். வாப்பா சொன்னபடி வாசலில்தான் கிழித்தாள். வாசல் காவலுக்கு நின்ற லெனாட் என்ற பொடியன் மூன்றையும் வாங்கி மெசினில் காட்டினான். மூன்றும் நல்ல ரிக்கெற். நௌபருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

“ஐயா, உங்கடை பச்சை. நீங்கள் இந்த வாசலாலை போங்கோ. அவையின்ரை நீலம். அது சுத்திப்போய் அங்காலை, எதிர்ப்பக்கம்.”

“மூண்டும் ஒண்டாத்தானே தம்பி எடுத்தது.”

“ஓம் ஐயா. ஆனால் அடையாள அட்டையிலை என்ன மாவட்டமோ அந்த மாவட்டத்துப் பக்கம்தான் இடம் விழும். சின்னப்பிள்ளையைத் தாயின்ரை நம்பரோடை பதிஞ்சிருக்கு. போன முறை ரெண்டு பக்கத்து ஆக்களும் அடிபட்டவை. அதாலை இந்த முறை பிரிச்சு விட்டிருக்கினம்.”

நௌபர் தன் ரிக்கெற்றைப் பார்த்தார். பிரசாந்தியின் பிரின்ரரில் கறுப்பு மை மட்டும்தான். நிறம் எழுத்தில் இருந்தது. கட்டத்துக்குக் கீழே ‘பச்சை – யாழ்ப்பாணம்’. மகளின் தாளில் ‘நீலம் – புத்தளம்’. கள்ளன் பார்த்துவிடுவான் என்று பயந்து பயந்து மடித்தவர், தானும் பார்க்கவில்லை. ஒரு தரம் விரித்திருந்தால் மூன்று கிழமைக்கு முன்னரே தெரிந்திருக்கும், மாற்றவும் நேரம் இருந்திருக்கும். இந்த மாதிரிப் பிழையை ஒரு குடும்பத்தை இரண்டு பதிவில் வைத்திருக்கிறவன்தான் விட முடியும்.

பின்னால் சனம் தள்ளியது. லெனாட் அடுத்தவரின் தாளை வாங்கத் தொடங்கிவிட்டான். நௌபர் அவனிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. கந்தோர் யன்னல்களில் ‘ஏலாது’ என்ற பதிலை அத்தனை தரம் வாங்கியவருக்கு, கேட்கும் பழக்கமே விட்டுப்போயிருந்தது.

மதிலோரம் நின்ற ஒருவன் மெல்லக் கிட்ட வந்தான். “அண்ணை, நீலம் வேணுமோ? ஒண்டு இருக்கு.” கைப்பேசியைத் திருப்பிக் காட்டினான். கறுப்புக் கட்டம், அதற்கு மேலே யாரோ ஒருவரின் பெயர் பாதி வெட்டப்பட்டு.

கள்ள ரிக்கெற் என்று நௌபருக்குத் தெரியும். கிழமை முழுக்கப் போனில் மகளுக்குப் பாடம் எடுத்தவர் அவர்தான்: வாசலுக்கு வெளியில் விற்கிறவனிடம் வாங்கக்கூடாது, படத்தை நம்பக்கூடாது, பெயர் பார்க்காமல் காசு கொடுக்கக்கூடாது. அவ்வளவும் தெரிந்தும் கை பேர்சுக்குப் போனது. பிள்ளையின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசை வந்தால் மனுசனுக்கு விசர்தான்.

“வாப்பா,” என்று றுக்ஷானா அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். “அது ஸ்கிரீன்ஷொட். பேரும் உங்கட பேர் இல்ல. நீங்கதானே சொன்னீங்க.”

அவர் பேர்சை மூடினார். மகளிடம் பிடிபட்ட வெட்கம் ஒரு பக்கம், தான் சொன்னதை அவள் கேட்டு வைத்திருந்தாளே என்ற சந்தோசம் ஒரு பக்கம்.

“போங்கோ,” என்றாள் றபீக்கா. “முடிஞ்சாப் பிறகு பார்ப்பம்.”

மஞ்சள் தொப்பியும் ஊதா முக்காடும் சனத்துக்குள் போய் மறைந்தன.

*

பச்சைப் பக்கத்தில் நௌபருக்கு அருகில் இருந்தவர் மார்க்கண்டு. சுன்னாகப் பக்கத்து வெங்காயத் தோட்டக்காரர். போன மாதம்தான் அவருடைய மோட்டரை நௌபர் கட்டிக் கொடுத்தவர்.

“என்ன நௌபர், தனியவோ வந்தனீர்?”

“இல்லை அண்ணை. மனிசியும் பிள்ளையும் வந்திருக்கினம்.”

“எங்கை?”

நௌபர் மைதானத்துக்கு அப்பால் கையைக் காட்டினார். மார்க்கண்டு அந்தத் திக்கைப் பார்த்தார், நௌபரையும் பார்த்தார், பிறகு கச்சான் சுற்றிய கடதாசிச் சரையை நீட்டினார்.

எதிர்ப்பக்கத்தில், கோல் எண்ணிக்கை காட்டும் பலகைக்குக் கீழே, கடைசி வரிசையில் ஊதா முக்காடு. அதற்குப் பக்கத்தில் மஞ்சள் புள்ளி. அந்தப் பக்கம் முழுக்க மஞ்சளாக இருந்தாலும் நௌபருக்கு அந்த ஒரு புள்ளி மட்டும் தெரிந்தது. அது எழும்பினால் இவரும் எழும்பினார். அது இருந்தால் இருந்தார். பந்து எங்கே போகிறது என்று அவர் பார்க்கவே இல்லை. போன் எடுத்துப் பார்த்தார். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் படம் அனுப்பும் இடத்தில் தொடர்பு எங்கே கிடைக்கப் போகிறது.

இருபதாவது நிமிடத்தில் யாழ்ப்பாணம் கோல் போட்டது. பச்சைப் பக்கம் முழுக்க எழும்பி ஆடியது. முன்னுக்கு நின்றவர்களின் முதுகுகள் மறைத்ததில் மஞ்சள் புள்ளி காணாமல் போனது. யாரோ முன்பின் தெரியாத ஒருவன் அவரைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினான். நாலு வருடத்தில் அவரை யாரும் அப்படிக் கட்டிப்பிடித்ததில்லை. அந்த நேரம் அவருக்கு அழுகை வந்தது. தன்னுடைய ஊர் வெல்லும்போது தான் இப்படித் தனியாக நிற்பார் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

இடைவேளைக்கு விசில் ஊதியது. மார்க்கண்டு தேத்தண்ணி வாங்கப் போனார். நௌபர் பலகையின் கீழே பார்த்தார். ஊதா முக்காடு இருந்தது. மஞ்சள் தொப்பியைக் காணவில்லை.

எழும்பிப் படியில் கால் வைத்தபோது, கீழேயிருந்து லெனாட் வந்துகொண்டிருந்தான். அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு றுக்ஷானா.

“ஐயா, பிள்ளையைப் பிடியுங்கோ. பன்னிரண்டு வயசுக்குக் கீழை எண்டால் தாய் தகப்பன் எந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பக்கம் இருக்கலாம். அம்மா வந்து கேட்டவ.”

நௌபர் பிள்ளையின் கையை வாங்கிக்கொண்டார். “நான் கேட்டிருந்தால்?”

“கேட்டிருந்தால் அப்பவே விட்டிருப்பன் ஐயா,” என்றான் அவன் சாதாரணமாக. பிறகு வாசலுக்குப் போய்விட்டான்.

நாற்பத்தைந்து நிமிடம் போனது போனதுதான்.

பச்சைக்கு நடுவில் ஒரு மஞ்சளைக் கண்டதும் சுற்றியிருந்தவர்கள் விடுவார்களா. “ஆர் பிள்ளை உளவு பார்க்க வந்திருக்கிறது?” என்று ஒருவர் கேட்க, “நீங்க ஒரு கோல்தானே போட்டீங்க, அதில உளவு பார்க்க என்ன இருக்கு?” என்று றுக்ஷானா திருப்பிக் கொடுத்தாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. தேத்தண்ணியோடு திரும்பிய மார்க்கண்டு தன் இருக்கையைப் பிள்ளைக்கு விட்டுவிட்டுப் படியில் இருந்தார்.

“வாப்பா, உம்மா இத உங்கட்ட காட்டச் சொன்னா. அட்ரஸ் சரியா எண்டு பார்க்கட்டாம்.”

நாலாக மடித்த தாள். இந்த முறை நௌபர் மடித்தபடி வைக்கவில்லை. அங்கேயே விரித்தார்.

கிராமசேவகரிடம் கொடுக்கும் பதிவு மாற்றப் படிவம். றபீக்காவின் பெயர், பிள்ளையின் பெயர், புத்தளத்து விலாசம். புதிய விலாசம் என்ற இடத்தில் அவளுடைய கோழிக்கிறுக்கல் எழுத்தில் அவருடைய வீட்டு இலக்கம், ஒழுங்கை, எல்லாம். ஒரு இலக்கம்கூடப் பிழையில்லை. கையெழுத்து வைக்கும் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

“வீட்டப் பார்த்துட்டுத்தான் கையெழுத்து வைப்பாவாம்,” என்றாள் பிள்ளை, கச்சான் கோதை உடைத்தபடி. “இண்டைக்குப் பார்க்காட்டி பிறகு பார்க்கலாம் எண்டாங்க மாமா. உம்மா சொன்னா, பிறகு எண்டா இன்னும் நாலு வருசம் போகும், இண்டைக்கே பார்க்கோணும் எண்டு. வாப்பா, இங்க பள்ளிக்கூடத்துல பொம்பிளப் பிள்ளைகளுக்கு ஃபுட்போல் டீம் இருக்கா?”

“இருக்கு,” என்றார் நௌபர். “தெல்லிப்பழைப் பக்கத்துப் பிள்ளையள் வெட்டி ஆடுவினம்.”

எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார். ஊதா முக்காட்டுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு வெற்றுக் கதிரை. தான் இவ்வளவு நேரம் இருந்தபடி இப்போது அவள் இருக்கிறாள். பிள்ளையை எழுப்பி அனுப்பிவிட்டு இருக்கிறாள். இத்தனை வருடமும் தனியாக இருந்தது தான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்ததை எண்ண, அவருக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டாவது பாதி தொடங்கியது. இப்போதுதான் நௌபர் பந்தைப் பார்த்தார். யாழ்ப்பாணம் ஒன்று, புத்தளம் பூச்சியம். இப்படியே முடிந்தால் ஐந்து இருபதுக்கு வெளியில் போகலாம். ஐந்து முப்பத்தைந்துக்கு வீட்டுக் கதவைத் திறக்கலாம். சட்டைப் பைக்குள் இரண்டு சாவிகளும் இருந்தன. புத்தளத்துக்காரர் பந்தோடு ஓடிவந்த ஒவ்வொரு தரமும் அவர் கைப்பேசியில் நேரத்தைப் பார்த்தார். பக்கத்தில் பிள்ளையோ, “அடி, அடி,” என்று தன் ஊருக்காகத் தொண்டை கிழியக் கத்தினாள். அவளுடைய பிறந்தநாளில், அவளுடைய அணி தோற்க வேண்டும் என்று தகப்பன் அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டிருந்தார். இதையும் மன்னித்துக்கொள் என்று கூடவே கேட்டார்.

எண்பது நிமிடம். எண்பத்தைந்து. தொண்ணூறு. மேலதிகமாக மூன்று நிமிடம் என்று பலகை தூக்கினார்கள்.

அதில் இரண்டாவது நிமிடத்தில் புத்தளத்துக்கு மூலையுதை கிடைத்தது. பந்து வந்தது, யாருடைய தலையிலோ பட்டது, வலைக்குள் போனது.

பச்சைப் பக்கம் அப்படியே வாயடைத்துப்போனது. அத்தனை பேருக்கும் நடுவில் ஒரே ஒரு பிள்ளை மட்டும் துள்ளியது. துள்ளித் திரும்பி வாப்பாவின் கழுத்தைக் கட்டிப்பிடித்தது. மஞ்சள் தொப்பி கீழே விழுந்தது. நௌபர் அவளை இறுக்கி அணைத்தார். தலைமயிரில் வெயில் மணத்தது. அந்த ஒரு கணத்துக்கு அவருக்கும் சந்தோசம்தான், பொய் சொல்லக்கூடாது.

பிறகு விசில் ஊதியது. ஒன்றுக்கு ஒன்று. ஆட்டக்காரர்கள் வெளியே போகவில்லை. புல்லில் குந்தியிருந்து தண்ணீர் குடித்தார்கள்.

“என்ன அண்ணை, முடியேல்லையோ?” என்று மார்க்கண்டுவைக் கேட்டார்.

“எப்பிடி முடியும்? இனி ரெண்டு பதினைஞ்சு நிமிசம் இருக்கு. அதிலும் சமனெண்டால் பெனால்ரி. ஆறு மணி தாண்டும்.”

நௌபர் பலகையின் கீழே பார்த்தார். கடைசி வரிசையில் பக்கத்துப் பக்கமாக இரண்டு கதிரைகள் வெறுமையாக இருந்தன. ஊதா முக்காட்டைக் காணவில்லை.

வானுக்குப் போயிருக்கலாம். றிஷாத் கூப்பிட்டிருப்பான். இல்லையென்றால், நேரம் போய்விடும் என்று தனியாகச் சோனகதெருவுக்கு நடக்கத் தொடங்கியிருக்கலாம்; அவளுக்கு வழி தெரியும். அப்படியென்றால் இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்பாள். போன் எடுத்தார். தொடர்பு கிடைக்கவில்லை.

“வாப்பா, இன்னும் அரை மணித்தியாலம்,” என்று றுக்ஷானா இரண்டு கையாலும் அவருடைய கையைப் பிடித்தாள். “இதுதான் எனக்குக் கிடைச்ச நல்ல பிறந்தநாள். முடியுமட்டும் இருப்போம் என்ன?”

“ஓம்,” என்றார்.

முன்னால் நின்றவர்களின் முதுகுகளுக்கு மேலாக அவளுக்கு எதிர்ப்பக்கம் தெரியவில்லை. எட்டி எட்டிப் பார்த்தாள்.

“உம்மா நம்மளப் பார்க்கிறாவா?”

“பார்க்கிறா.”

“கை காட்டுங்க வாப்பா. நான் இங்க இருக்கிறேன் எண்டு தெரியட்டும்.”

நௌபர் எழும்பி நின்று, ஆளில்லாத அந்த இரண்டு கதிரைகளையும் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டினார். மற்றக் கை சட்டைப் பைக்குள் இரண்டு சாவிகளையும் பொத்திப் பிடித்திருந்தது.